மேற்குச் சுவரின் இடைவெளி

கிரோவிக்,
7 ஆகஸ்ட் 1934

அன்புள்ள ஹால்வருக்கு,

ரக்னா எழுதுவது. நான் நலம். உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன். கேட்டாலும் நீ ஒழுங்காகப் பதில் சொல்லப்போவதில்லை என்பது தெரிந்ததுதான். நீ சொல்லச் சொல்ல உன் காசநோய் ஆஸ்பத்திரியில் ஆகாத்தா நர்ஸ் எழுதிய கடிதம் போன செவ்வாய் தபால் படகில் வந்தது. முத்து முத்தான எழுத்து அவளுக்கு. உன் கோழிக் கிறுக்கலைப் படித்து முடிக்க எனக்கு அரை மணி நேரமாவது ஆகும், இதை நின்ற நிலையிலேயே படித்துவிட்டேன். உனக்குக் கை வலி, அதனால் உனக்காகத் தான் எழுதுவதாகப் போட்டிருந்தாள். இருக்கட்டும். வலி போனதும் நீயே எழுது.

இங்கே ஹெர்ரிங் மீன் இன்னும் வரவில்லை. பக்கத்து வீட்டு சீவர்ட் நீ கட்டிக் கொடுத்த படகில் ஏறி தினமும் போகிறான், வெறும் வலையோடு வந்து என் அடுப்படியில் காப்பி குடிக்கிறான். அவன் மனைவி ஓலாவாவுக்கு ஏழாம் மாதம். உருளைக்கிழங்கு பரவாயில்லை. ஆடுகள் மலையில் இருக்கின்றன.

இனி உன்னைக் கோபப்படுத்தும் செய்திக்கு வருகிறேன். ஜூலையில் உன் டாக்டர் எனக்குத் தனியாக ஒரு கடிதம் போட்டிருந்தார். படுக்கை அறை ஈரமில்லாமல் இருந்தால் கிறிஸ்துமஸுக்கு உன்னை வீட்டுக்கு அனுப்பலாம், ஈரமான அறைக்கு அனுப்பவே மாட்டேன் என்று எழுதியிருந்தார். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நம் அறையின் மேற்குச் சுவரில் ஒட்டிய காகிதம் உப்பி நிற்பது உனக்கே தெரியும். அடுப்பை எரித்தேன், ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், கட்டிலை நகர்த்தினேன், திரும்ப இழுத்துப் போட்டேன். ஒரு நாள் காலையில் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போய் முதல் பலகையைப் பெயர்த்துவிட்டேன்.

திட்டிக்கொள். திட்டி முடித்துவிட்டு மேலே படி.

இரண்டு வருடத்துக்கு முன் மே மாதம் அந்தச் சுவரை நீ அடித்து முடித்தபோது ஊரே வந்து பார்த்தது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கத்தி முனை நுழையாது என்று எல்லாரும் மெச்சினார்கள். நானும்தான் மெச்சினேன். படகுக்குச் செய்வது போலவே செய்திருந்தாய். ஒரு பலகையின் ஓரத்தில் நீண்டிருக்கும் நாக்கை அடுத்த பலகையின் காடிப் பள்ளத்தில் செருகி, நடுவில் தார் தோய்த்த கம்பளி நூலை வைத்து, கொட்டாப்புளியால் தட்டி இறுக்கி, இரண்டு ஓரத்திலும் ஆணி அடித்திருந்தாய். படகுக்கு அதுதான் சரி. படகு எப்போதும் தண்ணீரில் கிடக்கிறது, பலகை ஊறி இன்னும் இறுகும். வீடு அப்படியா? ஒரு வாரம் மழை, மறு வாரம் வெயில். மழையில் உப்பிய பலகைக்கு விலக இடம் கிடையாது, இரண்டு பக்கமும் ஆணி. அது வில்லாக வளைந்து வாயைத் திறக்கிறது. தண்ணீர் உள்ளே போகிறது. போனது திரும்பி வர வழியில்லை. உன் கம்பளி நூலைப் பிழிந்தேன் ஹால்வர், ஜூலை வெயிலில் பிழிந்தேன், நனைந்த காலுறை போல சொட்டியது. பின்னால் மரம் கறுத்துப்போய் விரல் பட்ட இடமெல்லாம் உதிர்ந்தது. அந்தச் சுவரை ஒட்டித்தான் நீ படுப்பாய்.

உன்னைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. சரி, கொஞ்சம் குறையும் சொல்கிறேன். ஆனால் நானும் அன்றைக்குப் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே.

புதிதாக எப்படி அடிக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ காடி இழைக்கும் இழைப்புளியை எடுத்திருக்கிறேன். பத்திரமாக வைப்பேன்.

கடவுள் உன்னைப் பார்த்துக்கொள்வார். பால் கொடுத்தால் குடி, ஜன்னல் வழியாக ஊற்றாதே.

உன்
ரக்னா


கிரோவிக்,
28 ஆகஸ்ட் 1934

அன்புள்ள ஹால்வருக்கு,

உன் பதில் கிடைத்தது. ஆகாத்தா நர்ஸ் பாவம், "என் இழைப்புளிய தொட்டா கைய ஒடிச்சிருவேன்னு எழுதுங்க" என்று நீ கத்தியதை அதே முத்தான எழுத்தில், கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வைத்து எழுதியிருக்கிறாள். ஓர் இடத்தில் கோடு போட்டுவிட்டு, 'இங்கே இரண்டு சொற்களை விட்டிருக்கிறேன்' என்று ஓரத்தில் குறிப்பு வேறு. அந்த இரண்டு சொற்கள் என்னவென்று எனக்குத் தெரியும். ஓலாவாவுக்குப் படித்துக் காட்டினேன், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். உனக்கு இவ்வளவு கோபம் வருகிறதென்றால் நெஞ்சில் காற்று இருக்கிறது என்றுதானே அர்த்தம். அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

ஆனால் பலகைகளைப் பழையபடி அடிக்கமாட்டேன். காரணம் சொல்கிறேன், கேள்.

படகுக் கொட்டகைக்குப் பக்கத்தில் என் உயரத்துக்கு இரண்டு சின்னச் சுவர்கள் நட்டேன். ஒன்று உன் முறைப்படி, கம்பளி நூலோடு, இறுக்கமாக. இன்னொன்று என் முறை. நாக்கைக் காடிக்குள் தளர்வாக விட்டேன், நடுவில் ஒரு செப்புக் காசு நுழையும் அளவு இடம். காடியின் உள்பக்கம் நீளமாக ஒரு வாய்க்கால் இழைத்தேன், உள்ளே வரும் தண்ணீர் அதன் வழியாக இறங்கிக் கீழே சொட்டிவிடும். பலகைக்குப் பின்னால் ரீப்பர் சட்டம் அடித்தேன், காற்று ஓடட்டும் என்று. ஒரு பலகைக்கு ஓர் ஓரத்தில் மட்டும் ஆணி, மறு ஓரம் சும்மா. தண்ணீரை நான் தடுக்கவில்லை. வந்தால் போக வழி விட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

இரண்டுக்கும் பின்னால் காகிதம் விரித்து மாவு தூவி வைத்தேன். ஒன்பது நாள் தென்மேற்கு மழை. அந்த ஒன்பது நாளும் நான் அடுப்படிக்கும் கொட்டகைக்கும் நடந்த நடையில் புல் தேய்ந்துபோனது. பத்தாம் நாள் ஓலாவாவையும் சீவர்ட்டையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு திறந்தேன். உன் சுவருக்குப் பின்னால் மாவு களியாகிக் கிடந்தது. என் சுவருக்குப் பின்னால் ஊதினால் பறந்தது. ஓலாவா என் மூக்கில் பூசிவிட்டாள்.

சீவர்ட் சிரிக்கவில்லை. அவன் வீட்டு மேற்குச் சுவரும் போன வருடம் நீ நின்று அடித்துக் கொடுத்ததுதான் அல்லவா? அந்த அறையில்தான் ஓலாவா தொட்டிலைப் போட்டிருக்கிறாள். நான் சொன்னேன், குழந்தை வருவதற்குள் கழற்றிவிடு, நானே இழைத்துத் தருகிறேன் என்று. அதற்கு அவன், "இந்த ஊர்ல ஓட்டையே இல்லாம படகு கட்டுறவன் உன் புருஷன் ஒருத்தன்தான். அவன் அடிச்சத நீ மாவ தூவிப் பாத்து கழட்டச் சொல்றியா? ஹால்வர் சொல்லட்டும், அன்னிக்கே கழட்டுறேன்" என்றான். ஓலாவா, "வயித்துல இருக்கறது ஹால்வரோடதா உன்னோடதா?" என்று கேட்டாள். அவன் எழுந்து வலையைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆகவே உன் சம்மதம் வேண்டும். என் சுவருக்குத் தேவையில்லை, அதை நாளைக்கே ஆரம்பிக்கிறேன். சீவர்ட்டின் சுவருக்கு வேண்டும். நீ தப்பு செய்தாய் என்று ஒரு வரி எழுதுவது உனக்குப் பல்லைப் பிடுங்குவது மாதிரி என்று தெரியும். அந்தக் குழந்தைக்காக எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். இன்னும் நன்றாகத் திட்டி எழுது, காத்திருக்கிறேன்.

உன்
ரக்னா

பின்குறிப்பு: இழைப்புளிக்கு ஒன்றும் ஆகவில்லை. பிடியில் மட்டும் ஒரு சின்னக் கீறல்.


கிரோவிக்,
18 செப்டம்பர் 1934

அன்புள்ள ஹால்வருக்கு,

சுவர் முடிந்தது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எப்போதும்போல் முன்பக்கம் வெள்ளை, மேற்கே சிவப்பு. மீன் எண்ணெயில் நானே கலந்த சாயம், இன்னும் என் தலைமுடி நாறுகிறது. பலகையின் நாக்கு முழுவதற்கும் அடிப்பதற்கு முன்பே சாயம் பூசிவிட்டேன், குளிரில் சுருங்கினால் வெளுத்த கோடு தெரியக்கூடாதே. போன வாரம் இந்த வருடத்தின் முதல் பெரும் புயல் அடித்தது. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோயிலுக்குக்கூட யாரும் போகவில்லை. நான் உள்ளே சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்துபோய்க் கையை வைத்தேன். உலர்ந்திருக்கிறது. திங்கள் காலையில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். உலர்ந்துதான் இருக்கிறது.

ஓலாவா வந்து என்னை அவள் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். தொட்டிலுக்கு மேலே சுவர்க் காகிதத்தில் ஒரு தட்டளவு கறை. முந்தின வாரம் காசளவுதான் இருந்ததாம். சீவர்ட் அதன்மேல் ஒரு நாட்காட்டியை மாட்டி வைத்திருக்கிறான்.

அன்றைய தபாலில்தான் உன் கடிதமும் வந்தது. எட்டு வரி. ஆகாத்தா நர்ஸின் எழுத்து. அதில், 'ரக்னா சொல்வது சரி. வீட்டைப் படகு என்று நினைத்துவிட்டேன். சீவர்ட்டும் கழற்றிவிடட்டும்' என்று இருந்தது. படித்ததும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கதவைக்கூடச் சாத்தாமல் சீவர்ட் வீட்டுக்கு ஓடினேன். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கடிதத்தை அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டு தடவை படித்தான்.

பிறகு, "இது ஹால்வர் இல்ல" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நர்ஸ் எழுதினாலும் சொன்னது ஹால்வர்தானே என்று கேட்டேன். அவன் தலையை ஆட்டினான். "அவன்கூட இருபது வருஷமா சண்டை போட்டிருக்கேன் ரக்னா. என் படகுல முன்பக்கத்து அணியத்த அரை அடி ஒசத்தச் சொன்னேன், ஒரு மாசம் என் முகத்த பாக்கல. அவனாவது மூணு வரியில சரின்னு சொல்றதாவது! நீ நர்ஸ்கிட்ட சொல்லி எழுதி வாங்கியிருப்ப. அவன் கையால எழுதட்டும், அந்தக் கோழிக் கிறுக்கல்ல, அப்ப கழட்டுறேன்" என்றான். ஓலாவா அவனைத் திட்டத் தொடங்கினாள். அவள் திட்டியது எதுவும் என் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஓரத்தில் கோடு இல்லை. விட்டுப்போன சொற்கள் என்று குறிப்பு இல்லை. இழைப்புளியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதோடு டாக்டரும் இரண்டு வரி எழுதியிருந்தார். மருந்துச் சீட்டைப் பற்றி எழுதியிருந்தார். கிறிஸ்துமஸைப் பற்றி எழுதவில்லை.

பதினொரு வருடத்தில் நீ ஒரு தடவையாவது 'ரக்னா சொல்வது சரி' என்று சொன்னதுண்டா? காப்பியில் உப்பு விழுந்த அன்றைக்குக்கூட, உப்புதான் நல்லது என்று முழுக் கோப்பையையும் குடித்து முடித்தவன் நீ. நான் ஜெயிக்க வேண்டும் என்றுதான் இத்தனை நாள் ஆடினேன். ஜெயித்துவிட்டேன், இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது ஹால்வர்.

இத்துடன் உன் தச்சுப் பென்சிலை வைத்து அனுப்புகிறேன். கொட்டகை மேசையில், நீ போட்டுவிட்டுப் போன இடத்திலேயே இருந்தது. முனையில் உன் பல் பதிந்திருக்கிறது. ஆகாத்தா நர்ஸைத் தலையணையை உயர்த்தி வைக்கச் சொல். பிறகு அவளை வெளியே அனுப்பிவிட்டு நீயே எழுது. சீவர்ட்டுக்கு இரண்டு வரி, கழற்று என்று. ஓலாவாவுக்கு இன்னும் ஐந்து வாரம்தான் இருக்கிறது.

எனக்குத் தனியாக ஒரு தாளில் எழுது. அதில் நான் சொன்னது முழுக்கத் தப்பு என்று எழுது. நாக்கைத் தளர்வாக விட்டது மடத்தனம், காற்று உள்ளே வந்து வீடே உறைந்துபோகும், இழைப்புளியின் பிடியைக் கீறியதற்கு உன்னைச் சும்மா விடமாட்டேன் என்று எழுது. அந்த நர்ஸ் எழுத மறுத்த இரண்டு சொற்களையும் விடாமல் எழுது. அதை சீவர்ட்டிடம் காட்டமாட்டேன். யாரிடமும் காட்டமாட்டேன்.

கடவுள் உன் மூச்சையும் கையையும் காக்கட்டும். சுவரோரம் உன் பக்கத்துக்குப் புது வைக்கோல் திணித்துவிட்டேன். அடுத்த செவ்வாய் தபால் படகுக்குத் துறைமேடையில் நிற்பேன்.

உன்
ரக்னா