சாமி வராத இடத்தில் உருமிக்காரன்

அன்புள்ள அம்மாவுக்கு,

நம் ஊர் சபாக்கில் மழை விட்டதா? முட்டிவலி தேவலையா? போனில் பேசினால் என் குரலிலேயே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

இந்தச் சிங்கப்பூர் பேண்டு வாத்தியக் குழுவில் எழுதிவைத்த தாளைப் பார்த்துத்தான் டிரம் வாசிக்க வேண்டும். ஏழு எண்ணிக்கையில் மூன்றையும் ஆறையும் அடிக்காமல் விட வேண்டுமாம். நம் கோயில் உருமியில் நான் எந்த அடியை விட்டேன்? கை நிற்கவே மாட்டேன் என்கிறது, சனியன்! நேற்று பேண்டு மாஸ்டர் கோபத்தில் தலையை ஆட்டினார். சாமி வந்தவரைப் பார்த்ததுபோல் நான் வேகத்தைக் கூட்டிவிட்டேன். "இது கோயில் இல்ல லா!" என்று கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவைத்தேன்.

வெள்ளிக்கிழமை மறுபடி சோதிப்பார். தேறாவிட்டால் வேலை இல்லை.

என் உருமியைத் துடைத்து வையுங்கள். தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி, திருவிழாவுக்கு நானே வந்து அடிப்பேன், அதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

எண்ணிப் பழக வேண்டும், ஓடுகிறேன்.

உங்கள் தினேஸ்