சனிக்கிழமைச் சாவி

டீச்சர்,

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆசிரியர் தின விழாவிலிருந்து நான் ஓடிப்போனேன். சும்மா ஓடவில்லை. போன் வந்த மாதிரி காதில் கையை வைத்து, "சொல்லுங்க, சொல்லுங்க" என்று பேசிக்கொண்டே ஓடினேன். போன் மேடையில், மைக்குக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடமே பார்த்தது.

காரணம் நம் ரேவதி. காசிமேட்டில் மீன் விற்கிற அம்மாவின் மகள், இப்போது பன்னிரண்டாவது. அன்றைக்குப் பெண்பிள்ளைகள் புடவை கட்டி வந்து ஒவ்வொரு ஆசிரியராக நடித்துக் காட்டுவார்களே, அதில் இவள் முறை. நாற்காலியை மேடையின் பின்பக்கம் இழுத்துப் போட்டு, மடியில் ஒரு பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். வாயே திறக்கவில்லை. கைதட்டல் கூரையைப் பிய்த்தது. புடவையில் இருந்தாலும் அது நான்தான் என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்தப் பை என் டிபன் பைக்குப் பதில். ஏற்றுக்கொண்ட வேலையில் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போடாத தமிழய்யா.

சைக்கிள் ஸ்டாண்டில் போய் நின்று, முகம் துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். கூடவே உங்கள் வகுப்பறைச் சாவி வந்தது. நீங்கள் கட்டிய சிவப்பு நூல் வெளுத்துவிட்டது. உப்புக்காற்றில் சாவி துருவேறி, என் கைக்குட்டை எல்லாம் காவி.

சனிக்கிழமை வகுப்பை நீங்கள் ஆரம்பித்தபோது ஆசிரியர் அறையில் முதலில் சிரித்தவன் நான். டீச்சர் வேலைக்குப் போக ஆசைப்படும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பார்களாம், கணக்கு டீச்சரான நீங்கள் கடைசி பெஞ்சில் சும்மா இருப்பீர்களாம். மாமியாரிடமிருந்து ஒருநாள் தப்பிக்க நீங்கள் கண்டுபிடித்த வழி என்று கிளப்பிவிட்டதும் நான்தான். உங்கள் காதுக்கு அது வந்தபோது கோபிக்கவில்லை. "அதுவும் ஒரு காரணந்தான்" என்றீர்கள். வருங்காலத் தலைவர்களை உருவாக்குகிறீர்களாக்கும் என்று சீண்டினேன். "தலைமை தாங்கறது அப்பால அய்யா. மொதல்ல ஆறாவது புள்ளைங்க கொட்டாவியத் தாங்கட்டும்."

ஒரு சனிக்கிழமை டீ குடிக்கும் சாக்கில் எட்டிப் பார்த்தேன். ரேவதி பின்னம் நடத்திக்கொண்டிருந்தாள். கரும்பலகையில் ஒரு வஞ்சிர மீன் வரைந்து எட்டுத் துண்டு போட்டிருந்தாள். ஒரு வாண்டு எழுந்து, "அக்கா, தலை பெருசா கீது, வாலு சின்னதா கீது. ரெண்டும் எப்டி எட்டுல ஒண்ணு?" என்று கேட்டது. அவள் சாக்பீஸோடு உறைந்துபோனாள். நீங்கள் பையை மடியில் அணைத்தபடி அசையாமல் இருந்தீர்கள். எனக்கு அந்த மௌனம் தாங்கவில்லை. உள்ளே புகுந்து, தலையை மாப்பிள்ளைக்கும் வாலை வாத்தியாருக்கும் பங்கு வைத்துக் காட்டினேன். வகுப்பு உருண்டு புரண்டு சிரித்தது. ரேவதி போய் ஓரத்தில் நின்றுகொண்டாள்.

வெளியே வந்து நீங்கள் சொன்னது இவ்வளவுதான்: "அந்தப் பொண்ணு யோசிச்சுகினு இருந்துச்சு, அய்யா. நீங்க புடுங்கிக்கினீங்க."

ஆஸ்பத்திரியில் சாவியை என் கையில் வைத்தபோதும் அதையேதான் வேறு மாதிரி சொன்னீர்கள். "சனிக்கிழம தொறந்து வுட்டுட்டு பின்னாடி குந்துங்க. பேச வேணாம்." தலையாட்டினேன். அடுத்த சனிக்கிழமை பொன்னேரியில் ஒரு பட்டிமன்றம். அதற்கடுத்து மழை. பிறகு மழை இல்லை, ஆனாலும் போகவில்லை. பேசாமல் உட்காருவது எனக்கு வராத வேலை. உங்கள் வகுப்பு நீங்கள் போனதோடு போய்விட்டது, அதைக் கொன்றவன் நான் என்றே நினைத்திருந்தேன். அதனால்தான் மேடையில் ரேவதி உட்கார்ந்ததும் அந்த ஓட்டம்.

மனசு கேட்காமல், டோல்கேட் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பிடித்தேன். என்னைத்தானே அப்படி நடித்தாய், நல்லாத்தான் இருந்தது என்று பெரிய மனுஷனாகச் சொன்னேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "உங்களயா? அது மிஸ்ஸு, அய்யா. பையி கூட வெச்சிருந்தேனே. உங்கள எப்டி பண்றது? நீங்கதான் சனிக்கிழம வர்றதே இல்லியே."

சனிக்கிழமை வகுப்பு இன்னும் நடக்கிறதா என்றேன்.

"நடக்காம? இப்ப லெவன்த் புள்ளைங்க எடுக்குதுங்க, நான் பின்னாடி குந்திக்கினு இருக்கேன். அந்த மீன் கணக்குகூட முடிச்சாச்சு. அம்மாவோட தராசை எடுத்தாந்து நிறுத்துப் பாத்தோம்."

பஸ் வந்தது. ஏறப்போனவளை நிறுத்தி, சாவி என்னிடம்தானே இருக்கிறது என்று கேட்டேன்.

அந்த அறையின் பின்கதவுக்குப் போன வருஷத்திலிருந்தே தாழ்ப்பாள் கிடையாதாம், அந்த வழியாகத்தான் போய் வருகிறார்களாம். உடைந்த அன்றைக்கு நீங்களும் அங்கேதான் இருந்தீர்களாம்.