தாழிக்காரரின் கடைவாய்ப்பல்

மச்சான்,

பரணை ஒழித்தபோது அந்தப் பல்பொடி டப்பா கிடைத்தது. திறந்ததும் கிராம்பு வாசனை, இன்னும் போகவில்லை. உள்ளே பஞ்சில் தாழிக்காரரின் கடைவாய்ப்பல்.

எண்பதுகளில், செம்பாக்கத்தில் எங்கள் நிலத்தில் பிளாட் வாங்கி நீ கிணறு வெட்டியபோது, கடப்பாரை பட்டு ஒரு பெரிய முதுமக்கள் தாழி உடைந்தது. உள்ளே எலும்புகள். வெட்டியவர்கள் கற்பூரம் ஏற்றி மறுபடி புதைத்தார்கள். இந்த ஒரு பல்லை மட்டும் நீ சட்டைப்பையில் போட்டுக்கொண்டாய்.

ஏரித் தண்ணீர் பேச்சு வந்தால் என் அப்பா உன் வாயை அடைத்துவிடுவார். "நாங்க ஆதியிலர்ந்து இங்கதான் கீறோம். நீ நேத்து வந்தவன், சும்மா இரு." நீ சிரிப்பாய். ஆனால் உனக்குச் சுருக்கென்று தைக்கும், எனக்குத் தெரியும். தாழி உடைந்த அன்று பல்லை அவர் முன் நீட்டினாய்.

"இவரு உங்க ஆளா, எங்க ஆளா? அதைச் சொல்லிட்டு அப்புறம் சும்மா இருக்கச் சொல்லுங்க, பெரியவரே."

அப்பா அதையே உற்றுப் பார்த்தார். "இத்த எப்டிபா கண்டுபுடிக்கிறது?"

நீ அதை வீட்டுக்குக் கொண்டுபோனாய். சோப்பு போட்டுக் கழுவினாய். பல்பொடி போட்டுத் தேய்த்தாய். கண்ணாடி முன் வாயைப் பிளந்து, உன் கடைவாய்ப்பல்லோடு ஒட்டிவைத்து அளவு பார்த்தாய். "ஒரே சைஸ்டா மச்சான்," என்றாய். உன் மனைவி அன்று உனக்குச் சோறு போடவில்லை.

என் மகள் இப்போது இந்தப் படிப்புதான் படிக்கிறாள். பழைய பல்லிலிருந்து டி.என்.ஏ. எடுத்து, யார் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்க்கிறார்களாம். நம் ஊர் வெயிலில் பெரும்பாலும் அழிந்துவிடுமாம். கிடைத்த இடங்களில் பார்த்தால், ஒரு கூட்டம் வந்து தங்கியிருக்கிறது, இருந்தவர்களோடு கலந்திருக்கிறது, பின்னால் இன்னொரு கூட்டம் வந்திருக்கிறது. ஆதியிலிருந்து கலக்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் என்று அநேகமாக எங்குமே இல்லையாம். இதைக் கேட்க அப்பாவும் இல்லை, நீயும் இல்லை.

பல்லைக் காட்டினேன். கதையைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "வாயில வெச்சாரா? போங்கப்பா, டெஸ்ட் பண்ணா அந்த அங்கிள்தான் வருவாரு."

செம்பாக்கத்தின் ஆதிமனிதன் நீ என்று ரிப்போர்ட் வந்தால் அப்பா முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. உன் கிணற்றைத் தூர்த்து அபார்ட்மென்ட் கட்டிவிட்டார்கள். உன் சாம்பலைக் கடலில் கரைத்தோம். இந்த ஊரில் உன்னுடையது என்று மிச்சமிருப்பது, அந்தப் பல்லில் ஒட்டிய உன் எச்சில்தான்.

நான் அதை யாரிடமும் கொடுக்கவில்லை. டப்பாவை என் தலைமாட்டில் வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் உள்ளேதான் இருக்கிறீர்கள். யார் முதலில் வந்தது என்று நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.