லம்பத்து மணலில் நீ பரப்பிய கொடி

என் கோபக்கார அக்கா அஞ்சலைக்கு,

ஜப்பான்காரன் போய்விட்டான். முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன மச்சான் மட்டும் திரும்பவில்லை. கூடப் போய் வந்தவர்களிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். உன்னிடம் வந்து சேர்ந்துவிட்டாரா அக்கா?

லயத்து வீட்டுக்குப் பின்னால் நீ நட்ட மரவள்ளியை, நம்மை வேலை வாங்கிய மண்டோர் பிடுங்கி எறிந்த காலை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தோட்டத்து நல்ல மண்ணில் விளைவதெல்லாம் இனி ஜப்பான் பட்டாளத்துக்கு என்றான்.

"அப்ப நாங்க எதைத் தின்னுறது?" என்று கேட்டாய். உன் கன்னத்தில் அறைந்துவிட்டு, ஈயம் தோண்டிப் பாழாக்கிப் போட்டிருந்த லம்பத்தைக் கைகாட்டினான்.

"அந்த மணல்ல போய் நடு லா! எவன் வேணாங்கிறான்?"

வாயில் ரத்தத்தோடு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நீ நிஜமாகவே போய்விட்டாய்.

அது மண்ணா அக்கா? புல்கூட முளைக்காத வெள்ளை மணல். முதலில் நட்டது வெயிலில் கருகியது. அடுத்து நட்டதை மழை அடித்துக்கொண்டு போனது. பிறகுதான் ஈயம் தோண்டிய குட்டைக்கு அடியில் படிந்திருந்த சேற்றைக் கூடை கூடையாகச் சுமந்தோம். சாம்பல், சாணம், மனிதக் கழிவு என்று கிடைத்ததையெல்லாம் புதைத்தாய். ரப்பர் மரங்களுக்கு நடுவே மண் அரிக்காமலிருக்க வெள்ளைக்காரன் வளர்த்திருந்த கொடியை வெட்டி வந்து பரப்பினாய். கொடி மணலைப் பிடித்துக்கொண்டது, இலை உதிர்ந்து அழுகி மண்ணானது. அதற்கப்புறம்தான் சர்க்கரைவள்ளி உயிர்பிடித்தது. பட்டினியில் கால் வீங்கிக் கிடந்தவர்கள் அந்த வள்ளிக் கீரையைத் தின்று எழுந்து நடந்தார்கள்.

மண்டோர் கண்ணிலும் அந்தப் பச்சை பட்டது. லாரியில் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு வந்தான்.

"கெழங்கையெல்லாம் எடுத்துக்குங்க. கொடிய மட்டும் விட்டுடுங்க. அத புடுங்கினா மண்ணு மறுபடி செத்துரும்" என்று கெஞ்சினாய். அவன் சிரித்துக்கொண்டே ஒரு கொடியை வேரோடு இழுத்தான்.

உன் மண்வெட்டி அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அடுத்த நிமிஷமே துப்பாக்கிக் கட்டையால் உன் முகத்தில் இடித்தார்கள். விழுந்த பிறகும் மிதித்தார்கள். ஒருவன் துப்பாக்கிக் கத்தியை உன் வயிற்றில் செருகி, உன் மேலேயே காலை ஊன்றி உருவினான்.

"எல்லாத்தையும் புடுங்குங்கடி! இல்லேன்னா உங்களுக்கும் இதே கதிதான்!" என்று மண்டோர் வலியில் அலறினான்.

பிடுங்கினோம் அக்கா. உன்னைச் சுற்றி, உன் ரத்தத்தில் கால் வழுக்க வழுக்கப் பிடுங்கினோம். ஆனால் ஒவ்வொருத்தியும் நுனிக்கொடியைக் கிள்ளி ரவிக்கைக்குள் திணித்துக்கொண்டோம். யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. உன்னை அங்கேயே புதைத்தோம். அவர்கள் லாரி போன பிறகு, குழியைச் சுற்றி மறுபடியும் நட்டோம்.

ஜப்பான்காரன் சரணடைந்ததும், காட்டில் மறைந்து அவனோடு சண்டை போட்ட ஆட்கள் வந்தார்கள். மண்டோரைக் கட்டி இழுத்து வந்து உன் பாத்தியில் போட்டார்கள். "உங்கக்காவக் கொல்ல வச்சவன். நீ சொல்லு, என்ன செய்யிறது?" என்று என்னைக் கேட்டார்கள்.

"காமாட்சி, எம் புள்ளைங்கள நெனச்சுப் பாரும்மா" என்று அவன் அழுதான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இங்க வேணாம். இது எங்கக்கா உண்டாக்குன மண்ணு. வேற எங்கயாச்சும் கொண்டு போங்க."

குட்டைக்கு அந்தப் பக்கம் கொண்டு போனார்கள். அவன் கத்தியது நெடுநேரம் கேட்டது. அது அடங்கும்வரை நான் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். நீயாக இருந்தால் விடச் சொல்லியிருப்பாயா? இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

அவன் பெண்டாட்டியும் பிள்ளைகளும் நம் பாத்தியில்தான் கீரை பறிக்கிறார்கள். நான் தடுப்பதில்லை. நேற்று அவள் வந்து, "சேறு சுமக்க நானும் வரட்டாக்கா?" என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், "வா" என்றேன்.

வடக்குப் பக்கத்து மணல் இன்னும் மொட்டையாகக் கிடக்கிறது. பெருமழை இறங்குவதற்குள் அங்கேயும் கொடி பரப்பிவிடுகிறேன். உன்மேல் சத்தியம்.

உன் கூடப்பிறந்த
தங்கச்சி காமாட்சி