சொல்லாமல் போட்ட முடிச்சுகள்

எப்போது கூப்பிட்டாலும் தறியிலிருந்து “இரு, வரேன்” என்று மட்டும் சொல்லும் என் அம்மாவுக்கு,

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கு மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறேன். எழுத்துத் தேர்வு தாண்டிவிட்டது, அடுத்த வாரம் ஐந்து நாள் தேர்வு முகாம். வயது வரம்பு இருப்பதால் இதுதான் கடைசித் தடவை.

அங்கே நிரப்ப வேண்டிய படிவத்தை வீட்டிலேயே எழுதிப் பார்க்கிறேன். தாய் இறந்திருந்தால் அப்போது உங்கள் வயது என்ன என்று ஒரு கட்டம் இருக்கிறது. போன தடவை நீ இருந்தாய், அதில் ஒரு கோடு இழுத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். இந்தத் தடவை இருபத்து மூன்று என்று எழுதிவிட்டு, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

போன தடவை முகாமில் தோற்று நம் ஊர் முள்ளிப்பட்டுக்கு வந்து இறங்கியபோது நீ ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். “என்னா தப்பு பண்ணே?” தெரியாது என்றேன். நிஜமாகவே தெரியாது. தேறியவர்களின் எண்களை வாசிப்பார்கள், காரணம் சொல்ல மாட்டார்கள். இங்கிலீஷ்தான் காரணம் என்று நம் தெரு தீர்ப்புச் சொன்னது. நானும் நம்பி ஒரு வருடம் இங்கிலீஷ் பேப்பரைச் சத்தம் போட்டுப் படித்தேன், விடியலில் ஏரிக்கரையில் ஓடினேன்.

உண்மையான காரணத்தைத் தன்னையறியாமல் சொன்னவள் வசந்தி. உனக்கு அவளைத் தெரியாது. தேவிகாபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். உடலையும் கரையையும் தனித்தனியாக ஓட்டிக் கோர்க்கும் கோர்வைச் சேலைக்கு இரண்டு பேர் வேண்டுமே, உன் இடத்தில் நானும் என் இடத்தில் அவளும் உட்காருகிறோம். நம் வழக்கம்தான் தெரியுமே. இழை அறுந்தால், பார்த்தவர் பேசாமல் முடிச்சுப் போட வேண்டும். தறிச் சத்தத்தில் யார் கத்துவது? அவள் பக்கம் அறுந்ததையும் நானே எட்டிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் ஊடை ஓட்டும் நாடாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“எல்லாத்தையும் நீயே சரி பண்ணிகினா, நான் எதுக்குக்கா இங்க உக்காந்துகினு இருக்கேன்? அறுந்துச்சுன்னா வாயத் தொறந்து சொல்லு.”

எனக்கு முகாம் மைதானம் ஞாபகம் வந்துவிட்டது. எட்டுப் பேர் பலகையும் கயிறும் வைத்து ஒரு பள்ளத்தைத் தாண்ட வேண்டும். கயிற்றின் முடிச்சு அவிழ்ந்திருந்ததை நான்தான் பார்த்தேன். மற்றவர்கள் வாதாடிக்கொண்டிருக்க, நான் குனிந்து உட்கார்ந்து கட்டினேன். நல்ல முடிச்சு அம்மா, நீயே குறை சொல்லியிருக்க மாட்டாய். ஆனால் அது யாருக்கும் தெரியாது. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த அதிகாரி பார்த்தது, தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்?

போன மாதம் முதலாளி தறியில் ஏற்றக் கொடுத்த பாவு நூலில், சாயம் போடும்போதே பட்டு அதிகமாக வெந்துபோயிருந்தது. தொட்டால் அறுந்தது. தெருவில் ஐந்து வீட்டுக்கும் அதே பாவு, ஐந்து வீட்டிலும் பேசாமல் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். நான் வீடு வீடாகப் போய்க் கேட்டு, எல்லோரையும் கூட்டிக்கொண்டு ஆரணிக்குப் போனேன். முதலாளி முன்னால் நானே பேசினேன். வேறு பாவு கொடுத்துவிட்டார். படிவத்தில், ஏற்றுக்கொண்ட பொறுப்புகள் என்ற கட்டத்தில் இதை எழுதியிருக்கிறேன். ஓட்டத்தையும் பேப்பரையும் விட இதற்கு மதிப்பு இருக்கும் என்று தோன்றுகிறது.

இப்போது உன்னை ஒன்று கேட்க வேண்டும். மூன்று மாதமாக உனக்கு நெஞ்சு வலி இருந்தது என்பது எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரு கை தூரத்தில்தானே உட்கார்ந்திருந்தேன்? ஏன் சொல்லவில்லை? என் படிப்பு கெட்டுவிடும் என்றா? உன் மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை அம்மா. நானும் ஒரு தடவைகூட உன்னைக் கேட்கவில்லை. அந்தக் கோபம் என் மேல்.

அடுத்த வாரம் மைதானத்தில் கயிறு அவிழ்ந்தால் முதலில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வேன், அதற்குப் பிறகுதான் குனிவேன். தேறினாலும் தேறாவிட்டாலும், என் பக்கத்தில் உட்காருகிறவரை வலிக்கிறதா என்று நானாகக் கேட்பேன். எனக்கு வலித்தால் மறைக்க மாட்டேன். இது நிச்சயம்.

உன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் கேட்காமல் போன மகள்,
செல்வி