பிடுங்கிவிட்ட காற்று

1957 ஏப்ரல் 3
முதலாளி நாராயணப்பனின் மகள் செல்வம்மாளைத் தலைப்பிரசவத்துக்காக அஞ்செட்டியிலிருந்து கெலமங்கலத்துக்கு அழைத்து வந்தேன். எட்டாம் மாதம். அஞ்செட்டிப் பாதையைப் பாதை என்று சொன்னவன் எவனும் அதில் கார் ஓட்டியிருக்க மாட்டான். கிளம்பும்போதே நாலு டயரிலும் கொஞ்சம் காற்றைப் பிடுங்கிவிட்டேன். பிள்ளைத்தாய்ச்சி ஏறினால் இந்தப் பக்கத்து டிரைவர்கள் எல்லோரும் செய்வதுதான்; வண்டி மெத்தென்று போகும். "குலுங்கவே இல்லண்ணா" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஏப்ரல் 4
எழுதக் கை வரவில்லை. முதலாளிக்குக் கை முறிந்துவிட்டது. என்னால்.

ஏப்ரல் 5
நேற்று முதலாளியும் நானும் ஓசூர் வழியாகக் கிருஷ்ணகிரி கோர்ட்டுக்குக் கிளம்பினோம். திரும்பக் காற்று அடிக்க மறந்துவிட்டேன். மறந்தேனா? ஸ்டியரிங் கனத்தபோதே தெரிந்ததே! தினமும் நாலு டயரையும் குதிகாலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன். காற்று இருக்கிறதா இல்லையா என்று வண்டி தானாகவா சொல்லப்போகிறது? நேற்று உதைக்கவில்லை. "நேரமாச்சு, எடுடா கிருஷ்ணப்பா" என்றார், எடுத்தேன். தார் ரோடு, கொளுத்தும் வெயில், வேகம்; காற்றுக் குறைந்த டயர் சூடேறினால் தாங்குமா? சூளகிரி தாண்டியதும் இடது பின் டயர் வெடித்து வண்டி பள்ளத்தில் இறங்கியது.

வலியிலும் முதலாளி கேட்டார்: "போன வாரம் அந்தப் பஞ்சர் கடை முனீர் ஒட்டுப் போட்ட சக்கரந்தானே இது?"

"ஆமாங்க" என்றேன். சக்கரம் அதுதான். பொய் இல்லை. ஆனால் —

ஏப்ரல் 11
முதலாளி கட்டுப் போட்ட கையோடு நடுச்சந்தையில் நின்று, "முனீர்கிட்ட டயரக் குடுத்தா உசுரு போயிடும்" என்றாராம். கேட்டுவிட்டு வந்து சோறு தின்றேன். எப்படி இறங்கியது?

ஏப்ரல் 19
பஞ்சர் கடை முனீர் அகமது, வெடித்த டியூபைப் பார்க்க வந்தான். விரலால் தடவித் தடவிப் பார்த்தான். "என் ஒட்டு அப்படியே இருக்குது பாருண்ணா. பக்கத்துல கிழிஞ்சிருக்குது. காத்து கம்மியா ஓட்டுனியா?"

"இல்லப்பா."

டியூபைக் கீழே வைத்தான். எட்டு நாளாகக் கடைக்கு ஒரு சைக்கிள்கூட வரவில்லையாம். அடுத்த சந்தை வரை பார்த்துவிட்டு பெங்களூருக்குக் கூலி வேலைக்குப் போகிறானாம். அவன் பெண்டாட்டி சுக்ராவும் குழந்தைகளும் இங்கேயே இருப்பார்களாம். நான் மனுஷனா?

ஏப்ரல் 20
முதலாளியிடம் சொல்லிவிட்டேன். என் முகத்தையே பார்த்தார். "எம்பொண்ணுக்காகக் காத்தப் புடுங்கின, சரி. அந்த ஆள ஏன்டா மாட்டிவுட்ட?" சாவியை வாங்கிக்கொண்டார். சந்தையில் பேசியதை மாற்றிச் சொல்வீர்களா என்று கேட்டேன். "நானா?" என்று உள்ளே போய்விட்டார்.

நேரே முனீரிடம் போய்ச் சொன்னேன். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. "எங்கிட்ட சொல்லி என்னண்ணா ஆவப்போவுது? எனக்குத் தெரிஞ்சதுதானே. அவரு சொன்னது சந்தையில."

ஏப்ரல் 24
லாரிக்காரர் கரியப்பனிடம் வேலை கேட்டேன். "நாளன்னிக்கு வந்து வண்டிய எடுத்துக்கோ" என்றார். நல்ல மனுஷன். நாளைக்குச் சந்தை. பேசாமல் இருந்துவிட்டால் யாருக்குத் தெரியும்?

ஏப்ரல் 25
புளி மூட்டைகளுக்கு நடுவில் நின்று சொன்னேன். முதல் தடவை யாருக்கும் கேட்கவில்லை. இரண்டாம் தடவை கத்தினேன்: "டயர் வெடிச்சது என் தப்பு! காத்து இல்லாம ஓட்டுனது நானு! முனீர் ஒட்டு இன்னும் அப்படியே இருக்குது!" தமிழ் தெரியாதவர்களுக்குக் கன்னடத்திலும் தெலுங்கிலும் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். ஒரு கிழவர் காறித் துப்பினார்.

கரியப்பன் கூட்டத்தில்தான் இருந்தார். பக்கத்தில் வந்து, "நாளைக்கு நீ வர வேணாம்பா" என்றார். சரி என்று தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது, எழுதுவதற்கு என்ன வெட்கம்?

அவர் லாரிக்குப் போய்ப் பஞ்சரான டியூப் ஒன்றை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு முனீர் கடைப் பக்கம் நடந்தார்.