சோப்புப் போட்டுக் கழுவிய டின்கள்

என் அருமைத் தம்பி ராஜாமணிக்கு,

முதலில் ஒரு பேச்சைத் திருத்திவிடுகிறேன். உன் மகள் இந்து என்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டாள் என்று பாளையம்பட்டியில் பேசிக்கொள்கிறார்கள். "சொந்த அத்தையவே வெளிய தள்ளுன பிள்ளை" என்று பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி என் காதுபடவே சொன்னாள். அது பொய். நானாகத்தான் விலகினேன். என் கைப்பட எழுதி, கையெழுத்துப் போட்டு, இந்துவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். காரணத்தை உனக்குச் சொல்கிறேன். மற்றவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ கண்ணை மூடிய பிறகு நடந்தது உனக்குத் தெரியாது அல்லவா? காரியாபட்டி சாலையில் ஒரு சின்ன ஆலைக்கு இப்போது இந்துதான் பொறுப்பு. பலகாரக் கடைகளிலும் புரோட்டாக் கடைகளிலும் பொரித்து மிஞ்சிய எண்ணெயை வாங்கிச் சுத்தம் செய்து, கப்பல் எஞ்சினுக்கு எரிபொருளாக மாற்றுகிறார்கள். டேங்கர் லாரியில் அது நீ கப்பல் ஏறிய துறைமுகத்துக்குப் போகிறது. அங்கே வழக்கமான டீசலோடு கலந்து, நீ எஞ்சின் அறையில் வெந்துகொண்டே போய்வந்த அதே தீவுக்கு அனுப்புகிறார்கள். மழைக்கு ஏங்கும் நம் ஊரின் சேவுச் சட்டியிலிருந்து கடலுக்கு! நீ இருந்திருந்தால் நம்பியிருப்பாயா?

லீவில் வரும்போதெல்லாம் அந்தத் தீவைப் பற்றி ஒரே குறையைச் சொல்வாய். அங்கே எண்ணெய் நிரப்ப வழியில்லை. திரும்பி வருவதற்கான எண்ணெயையும் இங்கிருந்தே சுமந்து போக வேண்டும். கடல் சரியில்லாமல் கப்பல் தாமதமானால், நோயாளியை ஏற்றிவரும் படகுகூடக் கட்டிக் கிடக்கும் என்பாய். இப்போது அங்கே ஒரு சேமிப்புத் தொட்டி கட்டியிருக்கிறார்கள். நம் கலவையை அதில் நிரப்பிவைத்து, படகுகளுக்கும் கப்பலுக்கும் அங்கேயே கொடுப்பதுதான் திட்டம்.

பெரிய துறைமுகத்துக்குக் கொடுக்க ஆயிரம் பேர் வருவார்கள். இந்த மாதிரிச் சின்ன இடத்துக்கு யார் வருவார்? இந்து வந்தாள். துறைமுகத்தில் சோதனையாக இரண்டு லோடு கேட்டார்கள். இரண்டும் சரியாக இருந்தால் நிரந்தர ஒப்பந்தம். ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் ஆலையை மூடிவிடுவேன் என்று அதன் முதலாளி இந்துவிடம் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

என் வீட்டுக்காரர், உன் மச்சான், காலமான பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என்னை இந்த வேலைக்கு இழுத்தவளும் அவள்தான். "அத்தை, நீங்க ஒரு அதட்டு அதட்டுனா அருப்புக்கோட்டையே அடங்கிரும். கடைக்காரங்கள நீங்க பாத்துக்கங்க" என்றாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒளிப்பானேன்?

முதல் லோடு நன்றாகப் போய்ச் சேர்ந்தது. ஆனால் கடைகளிலிருந்து வந்த டின்களைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை. அடியில் கருகிய மண்டி, வாயில் எறும்பு, மூடியில் பிசுக்கு. நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் மறுபடி கழுவ அனுப்பும் விடுதியில் வளர்ந்தவள். ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி, இனி டின்னைச் சோப்புத் தூள் போட்டுக் கழுவிய பிறகுதான் எண்ணெய் ஊற்ற வேண்டும் என்று சட்டம் போட்டேன். இந்துவிடம் கேட்கவில்லை. சுத்தத்துக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

இரண்டாவது லோடு கெட்டுப் போனது.

இந்து ஒரு கண்ணாடிப் பாட்டிலைத் தூக்கிக் காட்டினாள். உள்ளே மோர் மாதிரி வெள்ளையாக இருந்தது. எண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் காய்ச்சித் தெளியவிட்டுப் பிரித்துவிடலாமாம். இது இரண்டு நாளாகியும் பிரியவில்லை. அதை அப்படியே அனுப்பியிருந்தால் தீவில் படகு எஞ்சின்களின் வடிகட்டிகள் அடைத்துக்கொண்டிருக்கும். ஏற்ற வந்த டேங்கர் லாரியை அவள் வெறுமனே திருப்பி அனுப்பிவிட்டாள். கப்பல் வழக்கமான டீசலோடு கிளம்பியது. துறைமுகத்து அதிகாரி இன்னும் ஒரே ஒரு வாய்ப்புக் கொடுத்தார். அதுவும் தவறினால் அதோடு சரி.

யாரோ வேண்டுமென்றே தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள் என்று நான் முடிவு கட்டினேன். யார் என்றும் முடிவு கட்டினேன். திருச்சுழியில் சேவுக் கடை வைத்திருக்கும் வேலுச்சாமி. அவன் டின்களின் அடியில்தான் ஈரம் அதிகமாக இருந்தது. பஸ் ஏறிப் போய், கடையில் கூட்டம் நிற்கும்போதே கேட்டேன். "ஏன்ப்பா, எண்ணெயில தண்ணி கலந்து அனுப்புறியே, உனக்கு வெக்கமா இல்லையா?"

வேலுச்சாமி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டான். "என்னம்மா இப்பிடிச் சொல்லிட்டீக? குடிக்கிற தண்ணிக்கே குடத்தத் தூக்கிட்டு அலையுறோம். அத எண்ணெயில ஊத்துவாகளா?"

அவன் மனைவி பாண்டியம்மாள் உள்ளேயிருந்து வந்தாள். எனக்குச் சமமாக நிமிர்ந்து நின்றாள். "சோப்புத் தூள் போட்டுக் கழுவணும்னு சொன்னது யாரு? நாங்களா, நீங்களா?"

"நான்தான். கழுவுனா தப்பா?"

"கழுவுனோம். ஒரு செம்புத் தண்ணில. நுரை போக அலசணும்னா இன்னும் நாலு செம்பு வேணும். தண்ணி லாரி வாரதே வாரத்துக்கு ஒரு தடவ. அதுக்கு மேல ஏதும்மா? கான்வென்ட்டுல படிச்ச மகராசிக்கு இது தெரியாதாக்கும்!"

சேவு வாங்க நின்ற ஒருவர் சிரித்துவிட்டார். நான் கழுவி வைத்திருந்த ஒரு டின்னை எடுத்து உள்ளங்கையில் கவிழ்த்தேன். நான்கு சொட்டு விழுந்தது. இரண்டு விரலால் தேய்த்தேன். நுரை பொங்கியது.

தம்பி, எனக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. அந்த நுரையைப் பார்த்து நின்ற மாதிரி இதுவரை எங்கும் நின்றதில்லை. வெறும் தண்ணீர் என்றால் அடியில் தங்கியிருக்கும். சோப்புத்தான் தண்ணீரையும் எண்ணெயையும் பிரியவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. கெடுத்தது நான். திட்டு வாங்கியது அவன்.

"வேலுச்சாமி, தப்பு என்னுது. இத்தனை பேருக்கு முன்னால சொன்னேன், இத்தனை பேருக்கு முன்னாலயே கேக்குறேன், மன்னிச்சுக்கப்பா" என்றேன். அவன் பதறிப்போனான். பாண்டியம்மாள் பதறவில்லை. "சரி, உக்காருங்க. வெயில்ல வந்திருக்கீக" என்று ஒரு ஸ்டூலை நகர்த்தினாள். உட்கார்ந்தேன். அவள் கொடுத்த தண்ணீரை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தேன்.

அங்கிருந்தே இந்துவுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "கழுவவே வேணாம் அத்தை. கவுத்து வெயில்ல வச்சு, பழைய துணியால தொடச்சாப் போதும்" என்றாள். எவ்வளவு எளிய காரியம்! வெயிலுக்கா நம் ஊரில் பஞ்சம்? மறுநாள் முதல் கடை கடையாகப் போனேன். நான் போட்ட சட்டத்தை நானே ரத்து செய்தேன். சிலர் சிரித்தார்கள். ஒருவர், "ஏம்மா, அடுத்த வாரம் எண்ணெயவே கழுவச் சொல்லுவீகளோ?" என்று கேட்டார். கேட்டுக்கொண்டேன். கடைசிக் கடையையும் முடித்த பிறகுதான் ஆலைக்குப் போய் அந்தக் கடிதத்தை வைத்தேன். "கேட்காமல் செய்த மாற்றத்தால் லோடு கெட்டது. பொறுப்பு என்னுடையது. விலகுகிறேன்." அவ்வளவுதான் எழுதினேன்.

இனி நல்ல செய்தி. மூன்றாவது லோடு போய்விட்டது, ராஜாமணி! கப்பலில் ஏற்றும்போது குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக ஒரு பாட்டிலில் பிடித்து, முத்திரை வைத்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கையெழுத்துப் போடுவார்கள் என்று சொல்வாயே, அந்தப் பாட்டிலில் உன் மகள் கையெழுத்துப் போட்டாள். துறைமுகத்திலிருந்து போன் செய்து, "கண்ணாடி மாதிரி இருக்கு அத்தை" என்றாள். ஆனாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. தீவில் என்ன சொல்வார்களோ என்று நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

நேற்றுக் காலை தகவல் வந்தது. தொட்டியில் நிரப்பித் தெளியவிட்டு, அளவுகோலின் நுனியில் ஒரு பசையைத் தடவி உள்ளே இறக்கினார்களாம். அடியில் தண்ணீர் இருந்தால் பசை நிறம் மாறுமாம். மாறவில்லை. நோயாளிப் படகுக்குத்தான் முதலில் நிரப்பினார்களாம். ஒப்பந்தத்தில் கையெழுத்தாகிவிட்டது. ஆலையும் மூடப்படாது. நான் போனை வைத்துவிட்டு, சாப்பிடக்கூடச் செய்யாமல், பட்டப்பகலில் படுத்து மூன்று மணி நேரம் தூங்கினேன். இந்த ஒரு மாதத்தில் அதுதான் நல்ல தூக்கம்.

வேலுச்சாமி கடையிலிருந்து இப்போதும் டின் வருகிறது. பாண்டியம்மாள் எல்லா டின்களையும் துடைத்துத்தான் அனுப்புகிறாளாம். என் இடம் மட்டும் காலியாக இருக்கிறது. "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா வாங்கத்தை" என்று இந்து போனில் சொல்கிறாள். இரக்கத்தில் சொல்கிறாளா, வேலைக்கு நான் வேண்டும் என்று சொல்கிறாளா? போனில் கேட்கும் குரலை வைத்து எனக்கு அதைப் பிரித்தறியத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். அவள் என்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டால், ஒரு மூடியை மாற்றுவதென்றாலும் அவளிடம் கேட்டுத்தான் மாற்றுவேன். வேண்டாம் என்றால், பஸ் நிறுத்தத்திலோ வேறெங்கேயோ அவளைப் பற்றி யாரையும் தவறாக ஒரு சொல் பேச விடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைத் தூக்கி வளர்த்த அக்கா,
ஜெயலட்சுமி

இந்துவுக்கு: உன் அப்பாவுக்கு எழுதிய இதை உனக்குத்தான் அனுப்புகிறேன். விலகல் கடிதத்தை நான் எழுத்தில் கொடுத்தேன். நான் திரும்ப வரலாமா, வேண்டாமா என்பதை நீயும் எழுத்தில் தெரிவி. ஒரு வரி போதும்.